செத்த ரவுட்டரை எழுப்பும் வித்தை பிறந்த கதை

கம்ப்யூட்டரில் லினக்ஸ் ஏறாமல் நின்றுவிட்டால் திரையில் ஒரு வரியாவது தெரியும். ரவுட்டரில் திரையும் இல்லை, கீபோர்டும் இல்லை. நாலைந்து விளக்கு, ஒரு ரீசெட் ஓட்டை, கேபிள் செருகச் சில துளைகள், அவ்வளவுதான். விளக்கு எரியும், ஆனால் எதைக் கேட்டாலும் பதில் வராது. அந்த நிலைக்குத்தான் ‘பிரிக் ஆகிவிட்டது’ என்று பெயர். கடையில் கொண்டுபோய்க் காட்டினால் “போர்டு போயிடுச்சு சார், புதுசு வாங்கிடுங்க” என்பார்கள். பெரும்பாலும் போர்டு போயிருக்காது. ஃபிளாஷ் நினைவகத்தில் இருக்கும் சில மெகாபைட் எழுத்து குலைந்திருக்கும். அதைத் திரும்ப எழுத ஒரு வழி வேண்டும். அந்த வழிகளில் பல, ஒரே ஒரு மாடலை ஓயாமல் கெடுத்துக் கெடுத்துப் பார்த்தவர்கள் கண்டுபிடித்தவை.

அந்த மாடல் லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி. 2002 டிசம்பரில் வெளிவந்தது. நீலமும் கறுப்புமான உடல், பின்னால் இரண்டு ஆன்டெனா, உள்ளே 125 மெகாஹெர்ட்ஸ் பிராட்காம் சிப், 16 எம்பி ரேம், 4 எம்பி ஃபிளாஷ். இன்று ஃபோனில் எடுக்கும் ஒரு படமே பல சமயம் அந்த 4 எம்பியில் அடங்காது. 2003 மார்ச்சில், லிங்க்சிஸை சுமார் 50 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக சிஸ்கோ அறிவித்தது. அந்த ஜூனில் ஆண்ட்ரூ மிக்லஸ் என்பவர் லினக்ஸ் கெர்னல் எழுதுகிறவர்களுக்கு ஒரு தகவல் சொன்னார். இந்த ரவுட்டரின் ஃபர்ம்வேருக்குள் லினக்ஸ் இருக்கிறது, ஜிபிஎல் உரிமப்படி கூடவே தரவேண்டிய மூல நிரலைத்தான் காணோம் என்பது அதன் சாரம். சிப் செய்த பிராட்காமிடமிருந்து தைவானின் சைபர்டானுக்கு, அங்கிருந்து லிங்க்சிஸுக்கு, பிறகு சிஸ்கோவுக்கு என்று கைமாறி வந்த சரக்கு அது. கேள்வி எழுந்த சில வாரங்களில், ஜூலையில், மூல நிரல் வெளியானது.

நிரல் கிடைத்ததும் ஆளாளுக்கு மாற்றிக் கட்டி ரவுட்டரில் ஏற்றிப் பார்த்தார்கள். சாவுகளும் அங்கேதான் தொடங்கின.

எப்படிச் சாகும் என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். மின்சாரம் வந்ததும் சிப் ஃபிளாஷின் முதல் பகுதியிலுள்ள பூட்லோடரை ஓட்டும். முதல் தலைமுறைப் பெட்டிகளில் அது பிமான், பிறகு வந்தவற்றில் சிஎஃப்இ. பூட்லோடர் அடுத்துள்ள ஃபர்ம்வேரின் சிஆர்சி கணக்கைச் சரிபார்க்கும். கணக்கு தப்பினால் அங்கேயே நின்று, நெட்வொர்க் வழியாகப் புதிய ஃபர்ம்வேர் வரட்டும் என்று காத்திருக்கும். இது நல்ல சாவு, எளிதில் மீட்கலாம். கணக்கு சரியாக இருந்து கெர்னல் தப்பாக இருந்தால்தான் வம்பு. பூட்லோடருக்குக் கெர்னலின் நல்லது கெட்டது தெரியாது. கூட்டல் சரியாக வந்ததா, சரி, அதனிடம் பொறுப்பை ஒப்படைத்துவிடும். கெர்னல் அரை நொடியில் விழும். மறுபடி மின்சாரத்தை நிறுத்திப் போட்டாலும் அதே கதைதான்.

இதற்கு மருந்து அதே பெட்டிக்குள் ஏற்கெனவே இருந்தது. ஃபிளாஷின் கடைசியில் என்விரேம் என்று ஒரு சிறு பகுதி உண்டு, அமைப்புகளெல்லாம் அங்கேதான் இருக்கும். அதில் ‘பூட் வெயிட்’ என்று ஒரு வரி. அதை ‘ஆன்’ என்று மாற்றிவிட்டால், ஃபர்ம்வேர் எப்படி இருந்தாலும் பூட்லோடர் ஒவ்வொரு முறையும் மூன்று முதல் ஐந்து நொடி நின்று, யாராவது டிஎஃப்டிபி வழியாகப் புதிய ஃபர்ம்வேர் அனுப்புகிறார்களா என்று கேட்டுவிட்டுத்தான் மேலே போகும். ஊருக்குக் கிளம்புமுன் சாவியை நிலைப்படி மேல் வைத்துவிட்டுப் போவது போன்ற ஏற்பாடு. ஆனால் கடையிலிருந்து வரும்போது அது ‘ஆஃப்’. அதை மாற்ற நிர்வாகப் பக்கத்தில் ஒரு பொத்தானும் கிடையாது.

வழி கிடைத்தது ஒரு பாதுகாப்பு ஓட்டையில். நிர்வாகப் பக்கத்தில் ‘பிங்’ சோதனைக்கு ஒரு கட்டம் உண்டு. அதில் எழுதுவதை ரவுட்டர் சரிபார்க்காமல் அப்படியே ஷெல்லுக்குக் கொடுத்துவிடும். முகவரிக்குப் பதிலாக ஓர் அரைப்புள்ளி வைத்து, பின்னால் கட்டளை எழுதினால் அது ரூட் உரிமையோடு ஓடும். இதில் இரண்டு இடைஞ்சல். கட்டம் சின்னது, நீளமான கட்டளை கொள்ளாது. இடைவெளியும் விட முடியாது. இடைவெளி வரும் இடத்திலெல்லாம் ஐஎஃப்எஸ் என்ற ஷெல் மாறியை நுழைத்தார்கள். என்விரேம் கருவியின் முழுப் பாதை நீளம் என்பதால், முதலில் அதை டெம்ப் கோப்பகத்துக்கு ‘என்’ என்ற ஓரெழுத்துப் பெயரில் நகலெடுத்தார்கள். இரண்டாவது வரியில் பூட் வெயிட் ‘ஆன்’. மூன்றாவது வரியில் சேமிப்பு. நான்காவது வரி எல்லா அமைப்புகளையும் பிங் முடிவு காட்டும் சாளரத்திலேயே கொட்டிக் காட்டும், மாறிவிட்டதா என்று கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். இன்டர்நெட் துளைக்கு ஏதாவது ஒரு முகவரி கொடுத்திருந்தால்தான் இது வேலை செய்யும். அது தெரியாமல் பலர் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். ஒரு நிறுவனத்தின் அசட்டையான பக்கம் இத்தனை பேருக்கு உதவியது என்பதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பிந்தைய ஃபர்ம்வேரில் அந்த ஓட்டையை அடைத்துவிட்டார்கள், அடைக்கவேண்டியதுதான்.

அந்த ஐந்து நொடியைப் பிடிப்பதும் தனிக் கலை. கம்ப்யூட்டருக்கு 192.168.1 வரிசையில் நிலையான முகவரி கொடுத்து, டிஎஃப்டிபியை பைனரி முறையில் வைத்து, நொடிக்கொருமுறை திரும்ப முயலும்படி சொல்லி, அனுப்பும் கட்டளையைத் தட்டிவிட்டு, அதன் பிறகுதான் ரவுட்டருக்கு மின்சாரம் கொடுக்க வேண்டும். நேரடியாகக் கேபிள் போட்டால் ரவுட்டர் அணைந்து எரியும்போது கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கார்டும் இணைப்பு போய்விட்டதென்று எண்ணி மறுபடி முதலிலிருந்து தொடங்கும், அதற்குள் ஐந்து நொடி போய்விடும். அதனால் நடுவில் ஒரு சுவிட்ச் வைக்கச் சொன்னார்கள். இன்னொரு நுணுக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. பிங் பதிலில் டிடிஎல் என்று ஓர் எண் வரும். 100 என்று வந்தால் பேசுவது பூட்லோடர், 64 என்று வந்தால் பேசுவது லினக்ஸ். திரையே இல்லாத பெட்டியில், எந்தப் படி வரை ஏறிவிட்டது என்பதை அந்த ஓர் எண் சொல்லிவிடும்.

பூட் வெயிட் போடாமலே ஏற்றியவர்கள்? அவர்களுக்கு ஊசி. ரவுட்டரைத் திறந்து, ஃபிளாஷ் சிப்பின் 15, 16ஆம் கால்களை ஒரு ஊசிமுனையால் தொட்டுக்கொண்டே மின்சாரம் கொடுத்தார்கள். முகவரிக் கால்கள் ஒட்டிக்கொண்டதால் பூட்லோடர் ஃபர்ம்வேரைத் தப்பாகப் படிக்கும், சிஆர்சி தப்பும், காத்திருக்கத் தொடங்கும். கெட்ட சாவை வேண்டுமென்றே நல்ல சாவாக மாற்றும் தந்திரம். சிப்பையே கருக்கிவிடக்கூடிய தந்திரமும்கூட, இன்று யாருக்கும் இதைப் பரிந்துரைக்கமாட்டேன்.

பூட்லோடரே அழிந்துபோனவர்களுக்கு, சிப்போடு நேரடியாகப் பேசும் ஜேடேக் இணைப்பு. ‘ஹேரிடெய்ரிமெய்ட்’ என்ற புனைபெயரில் ஒருவர் இந்த ரவுட்டருக்கென்றே ஒரு மீட்பு நிரல் எழுதினார். கேபிள் என்பது பழைய பிரின்டர் இணைப்பானும் நான்கு 100 ஓம் மின்தடைகளும்தான். வேகம் ஆமை நடை. ஆனாலும் முழுதாகச் செத்த பெட்டியை எழுப்பிவிடும்.

இப்படிக் கெடுத்தும் மீட்டும் பார்த்த கூட்டத்திலிருந்துதான், ரவுட்டர்களுக்கான லினக்ஸ் ஃபர்ம்வேர் செய்யும் ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டம் 2004 ஜனவரியில் தொடங்கியது. லிங்க்சிஸ் வெளியிட்ட நிரலையும் யூகிளிப்சி திட்டத்தின் பில்ட்ரூட்டையும் வைத்து ஆரம்பித்தார்கள். முதல் நிலையான வரிசைக்கு ஒரு காக்டெயிலின் பெயர், ஒயிட் ரஷ்யன். உள்ளே நுழைந்தால் வரவேற்பு வாசகத்தோடு அதன் செய்முறையும் வரும். அந்த விளையாட்டுப் புத்திக்குப் பின்னால், சாவுகளிலிருந்து கற்ற ஒரு கட்டமைப்பு இருந்தது. அடிப்படை அமைப்பு முழுவதும் ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸில், அதாவது மாற்ற முடியாத பகுதியில். நீங்கள் செய்யும் மாற்றமெல்லாம் அதன் மேலுள்ள ஜேஎஃப்எஃப்எஸ்2 அடுக்கில். ஃபயர்வாலைக் குழப்பி வெளியே பூட்டிக்கொண்டாலும் அடியில் உள்ள அமைப்பு கெடவில்லை. ஆகவே ‘ஃபெயில்சேஃப்’. ஏறும்போது டிஎம்இஸட் விளக்கு எரிந்ததும் ரீசெட் பொத்தானை அழுத்தினால் மேல் அடுக்கை ஒட்டாமலே, 192.168.1.1 முகவரியில், கடவுச்சொல் இல்லாத டெல்நெட்டோடு ஏறும். தப்பைத் திருத்தலாம், அல்லது ‘ஃபர்ஸ்ட்பூட்’ கட்டளையால் மேல் அடுக்கை மொத்தமாகத் துடைத்துவிடலாம். இப்போது டெல்நெட்டுக்குப் பதில் எஸ்எஸ்ஹெச் வந்துவிட்டது. என்னைக் கேட்டால் அந்தத் திட்டம் தந்ததில் பெரிய கொடை இந்த ஃபெயில்சேஃப்தான். இருநூறு வசதிகள் இருந்தும் ஒரு தட்டச்சுப் பிழையில் செத்துப்போகும் பெட்டி யாருக்கு வேண்டும்?

அதே 2004இல் லிங்க்சிஸ் என்எஸ்எல்யூ2 என்ற கையடக்க நெட்வொர்க் சேமிப்புக் கருவி, அதாவது நாஸ், வந்தது. 32 எம்பி ரேம், 8 எம்பி ஃபிளாஷ், இரண்டு யூஎஸ்பி துளை. 266 மெகாஹெர்ட்ஸில் ஓடக்கூடிய சிப்பை, தொடக்ககாலப் பெட்டிகளில் 133இல் ஓடவிட்டிருந்தார்கள். ஒரு மின்தடையைப் பிடுங்கினால் வேகம் இரட்டிப்பாகும். இதன் பூட்லோடர் ரெட்பூட். 192.168.0.1 முகவரியில் 9000ஆம் போர்ட்டில் இரண்டே நொடி பேசும், அதற்குள் கன்ட்ரோல்-சி அழுத்தியாக வேண்டும். பிங் பதில் வந்த கணத்தில் தானாக இணையச் சிறு ஸ்கிரிப்டுகள் எழுதிக்கொண்டார்கள்.

இந்தக் கருவியில் வேறு வகைச் சாவுகள் தெரிந்தன. இதன் சொந்த ஃபர்ம்வேர் பிக் எண்டியன், டெபியன் ஏற்றியவர்கள் பயன்படுத்தியது லிட்டில் எண்டியன். பைட் வரிசையை மாற்றாமல் எழுதிவிட்டால் சத்தமே இல்லாமல் நிற்கும். ரூட் கோப்பமைப்பு யூஎஸ்பி வட்டில் இருந்தால் இன்னொரு தொல்லை. வட்டு சுழன்று தயாராகுமுன் கெர்னல் தேடும், காணோம் என்று ‘பேனிக்’ ஆகிவிடும். கெர்னல் கட்டளை வரியில் ‘ரூட்டிலே’ அல்லது ‘ரூட்வெயிட்’ சேர்த்துக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னால் சரி. இன்றும் பழைய நாஸ் பெட்டியில் லினக்ஸ் போடுகிறவர்கள் அடிக்கடி இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

விளக்குகளைப் பார்த்து ஊகிப்பதற்கு ஓர் எல்லை உண்டு. போர்டில் நாலு முள்ளாகவோ வெறும் நாலு துளையாகவோ சீரியல் போர்ட் ஒளிந்திருக்கும். தரைக்கம்பி, டிஎக்ஸ், ஆர்எக்ஸ் ஆகிய மூன்று போதும். நான்காவதான மின்சார முள்ளைத் தொடாதீர்கள். டிஎக்ஸ்ஸை ஆர்எக்ஸ்ஸோடு மாற்றி இணைத்து 115200 வேகத்தில் கேளுங்கள். இது பெரும்பாலும் 3.3 வோல்ட். கம்ப்யூட்டரின் பழைய சீரியல் போர்ட்டை நேரடியாகக் கொடுத்தால் சிப் போய்விடும். அந்தக் காலத்தில் நோக்கியா ஃபோனின் சிஏ-42 கேபிளை வெட்டி இதற்குப் பயன்படுத்தினார்கள், உள்ளே தேவையான சிப் இருந்தது. இப்போது யூஎஸ்பி-டிடிஎல் பலகையே சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கிறது.

சீரியல் பேசத் தொடங்கினால் பாதி வேலை முடிந்தது. குப்பை எழுத்து வந்தால் வேகம் தப்பு. ‘ஸ்டார்ட்டிங் கெர்னல்’ என்று சொல்லிவிட்டு மௌனமானால் ‘கன்சோல்’ அமைப்பு தப்பு, அல்லது அந்தப் போர்டுக்குரிய டிவைஸ் ட்ரீ இல்லை. ‘அனேபிள் டு மவுன்ட் ரூட்’ என்றால் ரூட் எங்கே என்று தப்பாகச் சொல்லியிருக்கிறீர்கள். வட்டு சுழலத் தொடங்கும் இடத்திலேயே மறுபடி மறுபடி ரீபூட் ஆகிறதா, மென்பொருளைத் திட்டுமுன் அடாப்டரை மாற்றிப் பாருங்கள். பழைய அடாப்டரில் மீட்டர் 12 வோல்ட் காட்டும், சுமை ஏறியதும் சரியும்.

பூட்லோடர்களில் இன்று பெரும்பாலும் பார்ப்பது யூ-பூட். ஜெர்மனியின் வொல்ஃப்காங் டெங்க் 2000வாக்கில் பிபிசிபூட் என்று தொடங்கியது அது, 2002இல் இந்தப் பெயருக்கு மாறியது. மார்வெல் கிர்க்வுட் சிப் கொண்ட நாஸ் பெட்டிகளில் பல ஒரு படி மேல். யூ-பூட்டே அழிந்தாலும் சிப்புக்குள் செதுக்கிய பூட்ரோம், சீரியல் வழியாகக் ‘கேடபிள்யூபூட்’ கருவி அனுப்பும் பூட்லோடரை வாங்கிக்கொள்ளும்.

2005 இறுதியில் டபிள்யூஆர்டி54ஜியின் ஐந்தாம் பதிப்பு லினக்ஸை விட்டு விஎக்ஸ்வொர்க்ஸுக்கு மாறியது. ஃபிளாஷும் ரேமும் பாதியாயின. லினக்ஸ் விரும்பிகளுக்காக நான்காம் பதிப்பின் வன்பொருளையே டபிள்யூஆர்டி54ஜிஎல் என்று தனியாக விற்றார்கள், அது பல ஆண்டுகள் விற்றது. 2021இல் வந்த 21.02 பதிப்போடு ஓப்பன்டபிள்யூஆர்டி குறைந்தது 8 எம்பி ஃபிளாஷ், 64 எம்பி ரேம் கேட்கத் தொடங்கியது. அது பிறந்த பெட்டிக்கே இன்று அங்கு இடமில்லை.

2024 நவம்பரில் ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டமும் சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சியும் சேர்ந்து, பனானா பை தயாரிப்பில், ஓப்பன்டபிள்யூஆர்டி ஒன் என்று சொந்தமாக ஒரு ரவுட்டரை வெளியிட்டன. அப்போதைய விலை 89 டாலர். அதில் இரண்டு ஃபிளாஷ் சிப். ஒன்று அன்றாட வேலைக்கு, மற்றொன்று மீட்புக்கு மட்டும், எழுத்துத் தடை போட்டு. ஒரு சுவிட்சைத் தள்ளினால் மீட்புச் சிப்பிலிருந்து ஏறும். சீரியல் கன்சோல் யூஎஸ்பி-சி துளையாகவே வெளியில் இருக்கிறது, பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

உங்கள் பரணில் கிடக்கும் பெட்டிக்கு இந்த வசதியெல்லாம் இருக்காது. அதனால் லினக்ஸ் போடுமுன் இரண்டு காரியம் செய்துவிடுங்கள். அடியிலுள்ள ஸ்டிக்கரில் மாடல் எண்ணோடு பதிப்பு எண்ணையும் பாருங்கள், பதிப்பு மாறினால் சிப்பே வேறாக இருக்கலாம். முடிகிற பெட்டியாக இருந்தால், பூட்லோடர் பகுதி உட்பட ஃபிளாஷ் முழுவதையும் நகலெடுத்து வேறு கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ளுங்கள். மேக் முகவரியும் வைஃபை அளவுத்திருத்தத் தகவலும் அந்தப் பெட்டிக்கே உரியவை, அழிந்தால் வேறு எங்கும் கிடைக்காது.