நுண்கணினிகளின் வேக ஒப்பீடு

ஒரே வேலையை வெவ்வேறு கணினிகளிடம் கொடுத்து, அதை முடிக்க அவை எடுத்துக்கொள்ளும் நேரத்தை அளப்பது வேக ஒப்பீடு ஆகும். செயலியின் துடிப்பு எண்ணிக்கையைக் குறிக்கும் கடிகார வேகம், அதாவது நொடிக்குப் பத்து லட்சம் துடிப்பை ஒரு மெகாஹெர்ட்ஸ் எனக் கொள்ளும் அளவு, விளம்பரங்களில் முதலிடம் பெற்றாலும் அதை மட்டும் வைத்து வேகத்தைத் தீர்மானிக்க இயலாது. காஞ்சிபுரத்தில் உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் அமையும் கோர்வைச் சேலையை நெய்கையில், ஒவ்வோர் ஊடைக்கும் மூன்று நாடாக்கள் ஓடிக் கரையிழையும் உடலிழையும் கோக்கப்படுவதால், நாடா ஓடிய தடவைகளின் கணக்கு, ஒற்றை நாடாத் தறியின் அதே கணக்குக்கு ஈடான முழத்தைத் தருவதில்லை. செயலிகளின் நிலையும் இதுவே.

1977இல் ரக், ஃபெல்ட்மன் ஆகிய இருவர் பேசிக் மொழியில் எழுதிய ஏழு சிறு நிரல்களை அமெரிக்க இதழான கிலோபாடில் வெளியிட்டனர். பின்னர் பிரிட்டனின் பர்சனல் கம்ப்யூட்டர் வேர்ல்டு இதழ் எட்டாவதாக ஒன்றைச் சேர்த்தது. இச்சோதனைகளில் 2 மெகாஹெர்ட்ஸ் பி.பி.சி. மைக்ரோ, 3.5 மெகாஹெர்ட்ஸ் இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரத்தை எளிதாக வென்றது. முன்னதன் 6502 செயலி மிக எளிய கட்டளையை இரண்டு துடிப்பில் முடிக்க, பின்னதன் இசட்80 செயலிக்கு நான்கு துடிப்பு வேண்டியிருந்ததும், நிரலை வரிவரியாகப் படித்து இயக்கும் பேசிக் மென்பொருள் பி.பி.சி.யில் மிகத் திறமையாக எழுதப்பட்டிருந்ததும் இதற்குக் காரணங்கள். 1984இல் இந்தியப் பள்ளிகளுக்கென வகுக்கப்பட்ட கிளாஸ் திட்டம் தேர்ந்தெடுத்ததும் இந்தப் பி.பி.சி. மைக்ரோவையே, அவ்வகையில் இந்திய மாணவர் பலர் முதன்முதலாகத் தொட்ட கணினி, குறைந்த மெகாஹெர்ட்ஸில் விரைவாக ஓடிய கணினியாக அமைந்தது.

1981 செப்டம்பரில் பைட் இதழில் ஜிம் கில்பிரெத் வெளியிட்ட சல்லடைச் சோதனை, பகா எண்களைச் சலித்தெடுக்கும் பழைய கிரேக்க முறையைப் பத்து முறை ஓட்டி நேரம் பார்த்தது. அது ஒரு மொழியோடு நிற்காமல் பல மொழிகளுக்கும் மாற்றி எழுதப்பட்டதால், கணினியோடு மொழிமாற்றியின் தரமும் சேர்ந்தே அளக்கப்பட்டது.

ஐ.பி.எம். 1981இல் வெளியிட்ட பி.சி. 4.77 மெகாஹெர்ட்ஸிலும் 1984இல் வெளியிட்ட ஏ.டி. 6 மெகாஹெர்ட்ஸிலும் ஓடின. துடிப்பில் கூடியது கால்பங்கே எனினும், ஏ.டி.யின் 80286 செயலி குறைந்த துடிப்பில் கட்டளைகளை முடித்து, நினைவகத்திலிருந்து ஒரே தடவையில் 8 பிட்டுக்குப் பதில் 16 பிட் எடுத்ததால், வேக வேறுபாடு அதைவிடப் பல மடங்காயிற்று. பீட்டர் நார்ட்டனின் மென்பொருள் ஐ.பி.எம்.மின் எக்ஸ்.டி. கணினியை 1 எனக் கொண்டு மற்றவற்றுக்கு எண் வழங்கியது. பின்வந்த நகல் கணினிகளில் பழைய துடிப்பை நம்பி எழுதப்பட்ட விளையாட்டுகள் தலைதெறிக்க ஓடியதால், வேகத்தைக் குறைத்துக்கொள்ளப் பெட்டியின் முகப்பில் டர்போ பொத்தான் வைக்கப்பட்டது.