தேர் திரும்பும் மூலை

சிதம்பரத்தில் எங்கள் பழைய வீட்டுக்குள் போய்ச் சேர ஏழு உயரங்களைக் கடக்க வேண்டும். தெருவிலிருந்து திண்ணைக்கு மூன்று படி. வாசலில் ஒரு நிலைப்படி. நடை தாண்டி கூடத்தில் நுழைய இன்னொரு நிலைப்படி. கூடத்திலிருந்து முற்றத்துக்கு இறங்க ஒன்று, மறுபக்கம் ஏறி அடுப்படிக்குப் போக ஒன்று. கொல்லையிலிருக்கும் கழிவறைக்கு இரண்டு படி தனியாக உண்டு, அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

அம்மா 1960இல் பிறந்தவள். இரண்டு வயதில் போலியோ. காலில் இரும்பு காலிப்பர் மாட்டிக்கொண்டு, கைத்தடி ஊன்றி, முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தினாள். இந்த ஏழையும் தினமும் ஏறி இறங்கித்தான் வேலைக்குப் போய் வந்தாள். போலியோ ஒருமுறை வந்து போய்விடும் நோய் என்றுதான் பலரும் நினைக்கிறோம். பல வருஷம் கழித்து தசைகள் மறுபடி தளரத் தொடங்கலாம். கூடவே, உடம்பு முழுக்கத் தாங்கிய தோள்பட்டைகள் தேய்ந்துபோகும். அறுபத்திரண்டு வயதில் டாக்டர் சக்கர நாற்காலி எழுதிக்கொடுத்தார். அடுத்த வருஷம் நாங்கள் கடலூருக்கு வீடு மாறினோம். சித்தி அங்கே இருக்கிறாள், எனக்கு வீட்டிலிருந்தே வேலை. அந்த வீட்டை நாற்காலிக்குத் தோதாக மாற்ற நாலு மாதம் ஆனது. அந்த நாலு மாதமும் எனக்குள் ஓடிய கேள்வி ஒன்றுதான்: நம் வீடுகளுக்கு இந்த உயரங்கள் எங்கிருந்து வந்தன?

முதல் பதில், தண்ணீர். வடக்கே தென்பெண்ணை, ஊர் நடுவே கெடிலம், தெற்கே வெள்ளாறு, எல்லையில் கொள்ளிடம். எல்லாம் மேட்டிலிருந்து ஓடிவந்து இந்த மாவட்டத்தில்தான் கடலைச் சேர்கின்றன. 2004 டிசம்பர் 26இல் கடல் தேவனாம்பட்டினத்துக்குள் வந்தது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. 2015 நவம்பர் மழையை மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. இங்கே மண்ணோடு மண்ணாக வீடு கட்டச் சொன்னால் மேஸ்திரி உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்.

இதோடு ரோடு வேறு ஏறிக்கொண்டே இருக்கும். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டால், ஒவ்வொரு முறையும் தெரு சில அங்குலம் உயரும், வீடு அவ்வளவு தாழும். சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவு போடும் அளவுக்கு இது பெரிய தலைவலி. அதற்குள் ஜனங்கள் வேறு வழி கண்டுபிடித்துவிட்டார்கள்: புது வீடென்றால் மூன்றடி, நாலடி மேடை. பழைய வீடென்றால் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குவது. கடலூரில் நாங்கள் பார்த்த பதினொரு வீடுகளில் ஒன்றில்கூட படியில்லாத வாசல் இல்லை. வெள்ளத்துக்குப் பயந்து ஏற்றிய உயரம் அது. அதைத் தப்பென்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இரண்டாவது பதில், மரியாதை. கோயில் கட்டடக்கலையில் கருவறை நேரடியாகத் தரையில் எழும்புவதில்லை. அதிட்டானம் என்ற பீடத்தின் மேல்தான் எழும்பும். சிதம்பரத்தில் சிற்சபைக்கு ஏற ஐந்து படிகள், ஐந்தெழுத்து என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். உயர்ந்தது எதுவோ அது உயரத்தில் இருக்க வேண்டும் என்ற அந்தக் கணக்கு வீட்டுக்கும் வந்தது. தெரு, திண்ணை, நடை, கூடம் என ஒவ்வொரு படியும் ஆளை வடிகட்டும். வழிப்போக்கன் திண்ணை வரைக்கும், தெரிந்தவன் நடை வரைக்கும், சொந்தம் கூடம் வரைக்கும். சாதி பார்த்து தெருவோடு நிறுத்தப்பட்டவர்களும் உண்டு. நிலைப்படியை மிதிக்கக் கூடாது, அதில் உட்காரக் கூடாது, அங்கே லட்சுமி இருக்கிறாள் என்ற நம்பிக்கை இன்றைக்கும் பூவும் மஞ்சளும் குங்குமமுமாக இருக்கிறது. நாங்கள் முதலில் வாடகைக்குக் கேட்ட ஒரு வீட்டின் உரிமையாளர், "சரிவு வேணா போட்டுக்குங்க, நிலைய வெட்டக் கூடாது, வீட்டுக்கு ஆகாது" என்றார். அந்த நிலைப்படியின் உயரம் இரண்டரை அங்குலம். சக்கர நாற்காலியின் முன்சக்கரம் அதில் முட்டினால் நிற்கும், வேகமாக முட்டினால் ஆள் முன்னால் விழுவார்.

வெள்ளத்துக்கான உயரத்தைச் சரிவு போட்டுச் சமாளிக்கலாம். மரியாதைக்கான உயரத்தை வெட்டித்தான் ஆக வேண்டும். வீடு மாற்றிய கதையில் நான் புரிந்துகொண்ட ஒரே பொறியியல் இதுதான்.

இரண்டும் வேண்டாம் என்று நம் ஊரில் மூன்றாவதாக ஒரு வழி வைத்திருக்கிறார்கள். "நாங்க நாலு பேரு இருக்கோம்ல, தூக்கிட மாட்டோமா?" கல்யாண மண்டபத்தில், பேங்கில், சொந்தக்காரர் வீட்டில், எங்கே போனாலும் இந்த அன்பு காத்திருக்கும். உண்மையான அன்புதான். நடக்க முடியாதவரை ஆள் சுமப்பது பழைய வழக்கம். வசதி உள்ளவருக்குப் பல்லக்கு, இல்லாதவருக்குப் பிள்ளையின் முதுகு. ஆனால் தூக்குகிற கை இருக்கும்வரை படியைப் பற்றி யாரும் யோசிக்கப்போவதில்லை. அம்மா ஒருநாள் சித்தப்பாவிடம் சொன்னாள்: "நான் என்ன உற்சவரா, நாலு பேரு தோள்ல வர்றதுக்கு? எனக்கு எப்ப வெளிய போவணும்னு தோணுதோ அப்ப போவணும்."

உட்கார்ந்திருப்பவரே ஓட்டும் சக்கர நாற்காலி பிறந்ததே இந்தக் காரணத்துக்காகத்தான். 1655இல் ஜெர்மனியின் நூரம்பெர்க் அருகே ஸ்டீபன் ஃபார்ஃப்லர் என்ற கடிகாரக் கைவினைஞர், கால் நடக்காததால், கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியைத் தனக்குத்தானே செய்துகொண்டார். 1918இல் சுரங்க விபத்தில் முதுகெலும்பு முறிந்த ஹெர்பர்ட் எவரெஸ்ட், தன் நண்பரும் பொறியாளருமான ஹாரி ஜென்னிங்ஸோடு சேர்ந்து 1933இல் எடை குறைந்த, மடக்கி காரில் வைக்கக்கூடிய நாற்காலியைச் செய்தார். நாம் இன்று பார்க்கும் நாற்காலியின் எலும்புக்கூடு அதுதான். வண்டி மாறியது, வீடு மாறவில்லை. 1921இல் போலியோ தாக்கிய ரூஸ்வெல்ட், அமெரிக்க அதிபராக இருந்தபோதே 1938-39இல் டாப் காட்டேஜ் என்ற சிறிய வீட்டை ஹைட் பார்க்கில் தன் யோசனைப்படி கட்டிக்கொண்டார். அதன் கதவுகளுக்கு நிலைப்படி இல்லை. நாட்டின் தலைவருக்கே தன் நாற்காலி தானாக உள்ளே போகும் வீடு கிடைக்க ஐம்பத்தேழு வயதானது.

நமக்குப் பக்கத்தில், வேலூரில், மேரி வர்கீஸ். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் டாக்டர். 1954இல் நடந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். அதன் பிறகும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைசிகிச்சை செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூரில் அதற்கான துறையை வளர்த்தார். 1966இல் அங்கே மறுவாழ்வு மையம் திறந்தது, 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ. உட்கார்ந்த உயரத்திலிருந்து ஒருவர் முழு வேலை செய்ய முடியும் என்பதைத் தமிழ்நாடு அவ்வளவு முன்பே பார்த்துவிட்டது. பார்த்தது ஒரு வளாகத்துக்குள் மட்டும்.

சரிவுக்கான கணக்கு அமெரிக்காவில் 1961இல் எழுத்தில் வந்தது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டிமதி நூஜென்ட் நடத்திய ஆய்வுகளின் அடிப்படையில் வந்த தர அளவு: ஒரு அடி ஏற, பன்னிரண்டு அடி நீளம். இந்தியாவின் வழிகாட்டு நெறிகளிலும் அதே 1:12 உண்டு. எங்கள் கடலூர் வீட்டின் மேடை இரண்டரை அடி. அப்படியென்றால் முப்பதடிச் சரிவு. வீட்டு முன்னால் இருந்த காலியிடம் பத்தடி.

மேஸ்திரி சிரித்தார். "பைக் ஏத்துற மாதிரி ஆறடில போட்டுடலாம் சார். முப்பதடி போட்டா ஆஸ்பத்திரி மாதிரி ஆயிடும்." பைக்குக்கு இன்ஜின் இருக்கிறது, அம்மாவுக்குத் தேய்ந்த தோள் இருக்கிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். "அப்ப சைடு சந்துல நேரா விட்டு அடுப்படிக் கதவுல சேத்துருவோம். செலவு பாதி." எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"சொந்த வீட்டுக்குள்ள கொல்லப்பக்கமா வரச் சொல்றியாடா? அதுக்கு சிதம்பரத்துலயே இருந்திருப்பேனே."

சிதம்பரத்துக்காரிக்கு இதைச் சொல்ல உரிமை உண்டு. தில்லையின் எல்லையிலேயே சுற்றிச் சுற்றி நின்ற நந்தனாரின் கதையை 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதினார். அதில் இரண்டு கோயில்கள் வரும். திருப்புன்கூரில் நந்தி மறைத்தது, வெளியே நின்றவருக்காக நந்தி விலகியது. இன்றும் அங்கே நந்தி நேர்க்கோட்டில் இல்லை. தில்லையில் எதுவும் விலகவில்லை, அவர்தான் நெருப்பில் மூழ்கி வேறு உடம்போடு உள்ளே போக வேண்டியிருந்தது. சாதியின் வாசலும் சக்கர நாற்காலியின் வாசலும் ஒன்றல்ல. ஆனால் கேள்வியின் வடிவம் ஒன்று: விலக வேண்டியது கல்லா, உடம்பா? காலிப்பர், அறுவைசிகிச்சை, பயிற்சி என்று அம்மாவின் உடம்புதான் அறுபது வருஷமாக விலகிக்கொண்டிருந்தது. பிரிட்டனில் 1970களில் உடல் ஊனமுற்றோர் இயக்கங்கள் இதைத்தான் கோட்பாடாக்கின: ஆளை முடக்குவது உடலின் குறை அல்ல, அவரைக் கணக்கில் வைக்காத சமூகம்.

முன்பக்கமே போட்டோம். மதில் ஓரமாகப் பதினைந்தடி ஏறி, திரும்பி, மறுபடி பதினைந்தடி ஏறி, வாசல் கதவில் சேரும் சரிவு. திரும்பும் இடத்தில் ஐந்தடிக்கு ஐந்தடி சமதளம் வேண்டும் என்றதும் மேஸ்திரிக்கு மறுபடி கோபம். "எதுக்கு சார் அவ்ளோ இடம் வேஸ்ட்டு?" அம்மாதான் கேட்டாள்: "நீங்க சிதம்பரம் தேரு பாத்திருக்கீங்களா? மூலைல எப்படித் திரும்பும்?" அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கயிறு பிடித்து ஐந்தடியைக் குறித்தார்.

அம்மா கேட்ட பிறகுதான் எனக்கும் உறைத்தது. ஆனியிலும் மார்கழியிலும் சிதம்பரத்தில் மூலவர் நடராசரே ஐந்து படி இறங்கி வெளியே வருகிறார். ஐந்து தேர்கள். கீழ வீதி, தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி என்று நாலும் அகலமாக இருப்பது தேருக்காக. மூலையில் முட்டுக்கட்டை கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தேரைத் திருப்ப இடம் வேண்டும். தேர் வருகிறதென்றால் பள்ளம் மூடப்படும், கம்பிகள் ஒதுங்கும், கடைகளின் முன்பந்தல் பின்வாங்கும். ஒரு சக்கரத்தின் அளவை வைத்து ஊரையே வரைந்தவர்கள் நாம். திரும்பும் வட்டம் என்ற கருத்தை வெளிநாட்டுக் கையேட்டிலிருந்து கற்க வேண்டிய அவசியம் நமக்கில்லை. எந்தச் சக்கரத்துக்காக வரைவது என்பதில்தான் பிரச்சினை.

மிச்ச வேலை எல்லாம் அங்குலக் கணக்கு. நம் பாத்ரூம் கதவு வழக்கமாக இரண்டரை அடி. சட்டம் போக இருபத்துநாலு, இருபத்தைந்து அங்குலம் தேறும். நாற்காலியின் அகலம் இருபத்தைந்து. கதவை மூன்றடிக்கு மேல் அகலமாக்கி, தள்ளு கதவு போட்டோம். உள்ளே இருந்த ஒரு அங்குலப் பள்ளத்தை நிரப்பித் தரையையே வாட்டமாக்கினோம். கழிவறைப் பீங்கானை நாற்காலியின் இருக்கை உயரத்துக்கு ஏற்றி, இரண்டு பக்கமும் பிடி. வாஷ்பேசினுக்குக் கீழே முட்டி நுழைய இடம். சுவிட்சுகளைக் கீழே இறக்கினோம். கடைசியாக வாசல் நிலை. ஆசாரி உளியை எடுக்கவே யோசித்தார். அம்மா கற்பூரம் ஏத்தி, "லட்சுமி தரையிலயும் உக்காருவா, வெட்டுங்க" என்றாள்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூர் மிதந்தது. எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல். சரிவின் முதல் பாதி முழுகியது, கூடம் காய்ந்தே கிடந்தது. மேடையைக் குறைக்காமல்தான் இதைச் செய்ய முடிந்தது என்பதை மேஸ்திரி வந்து பார்த்துவிட்டுப் போனார்.

சட்டம் என்று பார்த்தால் 1995இல் ஒன்று, 2016இல் அதைவிட விரிவான மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். பொதுக் கட்டடங்களை ஐந்து வருஷத்துக்குள் மாற்ற வேண்டும் என்று அது சொன்னது, 2022இல் அந்தக் கெடு முடிந்தது. 2024 நவம்பர் 8இல் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரையாக இருக்க முடியாது, கட்டாயமாக இருக்க வேண்டும் என்றது. இதெல்லாம் பொதுக் கட்டடங்களுக்கு. தனி வீடு அவரவர் விருப்பம்.

ஆனால் ஒரு மனுஷி வாழ்வது தன் வீட்டிலும் கலெக்டர் ஆபீஸிலும் மட்டுமா? அமெரிக்காவின் அட்லாண்டாவில் 1987இல் எலினார் ஸ்மித் என்பவர் ஒரு இயக்கம் தொடங்கினார். அவரும் சிறுவயதில் போலியோ கண்டவர். அவர் கேட்டது சின்ன விஷயம்: யார் கட்டினாலும், புதிதாகக் கட்டும் ஒவ்வொரு வீட்டிலும் படியில்லாத ஒரு வாசல், அகலமான கதவு, கீழ்த்தளத்தில் நாற்காலி நுழையும் ஒரு கழிவறை. அங்கே வசிப்பவருக்காக இல்லை, விருந்தாளியாக வருபவருக்காக.

கடலூருக்கு வந்ததே சித்தி வீடு பக்கம் என்பதால்தான். நடந்தால் ஏழு நிமிஷம். சித்தி வீட்டு மேடை நாலடி. கொலுவுக்கு அழைத்தபோது அம்மா கேட் வரைக்கும் போய், நாற்காலியில் உட்கார்ந்தபடியே வெத்தலை பாக்கு வாங்கிக்கொண்டு, கதவு வழியாகத் தெரிந்த மேல் மூன்று படி பொம்மைகளைப் பார்த்துவிட்டு வந்தாள். தூக்க அன்றைக்கும் நாலு பேர் தயாராக இருந்தார்கள்.

எங்கள் தெருவில் இருபத்திரண்டு வீடுகள். இப்போது இரண்டில் கட்டட வேலை நடக்கிறது. ஒன்றில் அஸ்திவாரம் மூன்றரை அடி எழும்பிவிட்டது, வாசலுக்கு இன்னும் படி கட்டவில்லை. நாற்பத்திரண்டு அடிச் சரிவுக்கு அங்கே இடம் இருக்கிறது, பார்த்துவிட்டேன்.