சளி சிரப்பின் கதை: 1937 டென்னஸியில் இருந்து 2025 சுங்குவார்சத்திரம் வரை

எங்க ஊர்ல "மருந்து"ன்னா ரெண்டு அர்த்தம். ஆஸ்பத்திரியில குடுக்கிறது ஒண்ணு, பட்டாசு ஆபீஸ்ல கலக்குறது இன்னொண்ணு. ரெண்டாவது மருந்தை எதோட சேர்க்கக் கூடாதுன்னு அங்க முப்பது வருஷம் வேலை பார்த்த அக்கா எனக்கே பாடம் எடுப்பாங்க. முதல் மருந்து விஷயத்துல அந்தக் கவனம் நம்மகிட்ட இல்ல. அதைப் பத்தித்தான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுமையாப் படிங்க.

மழைக்காலம் ஆரம்பிச்சா ஓ.பி.யில அதிகம் கேக்குற வாக்கியம் இதுதான்: "சார், புள்ளைக்கு மூக்கு ஒழுகுது, ஒரு சளி டானிக் எழுதிக் குடுங்க." குழந்தைக்கு ஒன்றரை வயசு இருக்கும். நெஞ்சு சுத்தமா இருக்கும். "டானிக் வேண்டாம்மா, ஒரு வாரத்துல தானா சரியாயிடும்"னு சொன்னா, முகம் வாடிடும். சாயங்காலம் மெடிக்கல்ல கேட்டு வாங்கிடுவாங்க. அவங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஹவுஸ் சர்ஜன் காலத்துல நானே கை கூசாம எழுதிக் குடுத்திருக்கேன்.

அந்த பாட்டில்ல பெரும்பாலும் மூணு சரக்கு இருக்கும். காய்ச்சலுக்கு பாரசிட்டமால். தும்மல், மூக்கொழுகலுக்கு குளோர்பெனிரமின், தூக்கம் வர்றது இதாலதான். மூக்கடைப்புக்கு ஃபினைல்எஃப்ரின். இதுக்கு மேல ஒரு கரைப்பான், சர்க்கரை, கலர், வாசனை. கதையில வில்லன் வர்றது அந்தக் கரைப்பான் வழியாத்தான்.

1937, அமெரிக்கா, டென்னஸி மாநிலம். மாசென்கில் என்ற கம்பெனி சல்பா மருந்தைக் குழந்தைகளுக்கு ஏத்த மாதிரி திரவமா விக்க நினைச்சது. மாத்திரையா நல்லா வேலை செஞ்ச மருந்துதான், ஆனா தண்ணியில கரையாது. அவங்க கெமிஸ்ட் அதை டைஎத்திலீன் கிளைக்கால்ல கரைச்சார். இனிப்பா, கெட்டியா, நிறமில்லாம இருக்குற திரவம் அது. வாசனை பார்த்தாங்க, ருசி பார்த்தாங்க, விஷமான்னு மட்டும் பார்க்கல. நூத்துக்கும் மேல ஆட்கள் செத்தாங்க, அதுல 34 குழந்தைகள்.

அப்போ இருந்த சட்டத்துல "விஷ மருந்து வித்தது" ஒரு குற்றமே இல்ல. "எலிக்சர்"னு பேர் போட்டா ஆல்கஹால் இருக்கணும், இதுல இல்ல, அதனால லேபிள் தப்புன்னு சொல்லித்தான் பாட்டில்களைப் பறிமுதல் பண்ண முடிஞ்சது. அடுத்த வருஷமே, 1938ல், விக்கிறதுக்கு முன்னாடி பாதுகாப்பை நிரூபிக்கணும்னு அமெரிக்கா சட்டம் போட்டது. இந்தியாவில் மருந்துச் சட்டம் 1940ல் வந்தது.

சட்டம் வந்தாச்சு, கதை முடிஞ்சதுன்னு நினைப்பீங்க. 1972ல் நம்ம சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில 15 குழந்தைகள் இறந்தாங்க. அதே டைஎத்திலீன் கிளைக்கால். தமிழ்நாட்டுல நடந்தது. எம்.பி.பி.எஸ். அஞ்சரை வருஷத்துல ஒரு வகுப்புல கூட எங்களுக்கு யாரும் இதைச் சொல்லல.

1986ல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனை. இங்க சிரப் கூட இல்ல, சிகிச்சைக்காகக் குடுத்த கிளிசரின்ல கலந்திருந்தது. 14 பேர் இறந்தாங்க. நீதிபதி லென்டின் கமிஷன் விசாரிச்சு, கொள்முதல்ல இருந்து அமைச்சர் வரைக்கும் ஊழலைக் கிழிச்சுத் தொங்கவிட்டது. 1998ல் டெல்லி, 33 குழந்தைகள். 2020ல் ஜம்முவின் ராம்நகர், குறைஞ்சது 12 குழந்தைகள், சளி சிரப். 2022ல் காம்பியா, சுமார் 70 குழந்தைகள். ஹரியானாவில் தயாரான சிரப்களைப் பத்தி உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை குடுத்தது, கம்பெனி மறுத்தது. அதே வருஷக் கடைசியில உஸ்பெகிஸ்தான்.

காம்பியாவுக்குப் பிறகு மத்திய அரசு ஒரு விதி கொண்டு வந்தது. 2023 ஜூன் 1 முதல், ஏற்றுமதியாகுற இருமல் சிரப்பை அரசு அங்கீகரிச்ச ஆய்வகத்துல சோதிச்ச பிறகுதான் கப்பல் ஏத்தணும். நல்ல விதி. ஆனா அது ஏற்றுமதிக்கு மட்டும். நம்ம தெரு மெடிக்கலுக்கு வர்ற பாட்டிலுக்கு அந்தக் கட்டாயம் இல்ல. இதை முதல்ல படிச்சப்போ ரெண்டு தடவை திரும்பப் படிச்சேன்.

2025க்கு வருவோம். மத்தியப் பிரதேசம், சிந்த்வாரா மாவட்டம், பராசியா. ஆகஸ்ட் கடைசியில இருந்து ஒண்ணொண்ணா குழந்தைகளுக்குச் சிறுநீர் நிக்குது. எல்லாருக்கும் வந்தது சாதாரண காய்ச்சல், சளி. முதல்ல ஏதோ தொற்றுன்னு சந்தேகப்பட்டு தண்ணியைச் சோதிச்சாங்க, எலியைச் சோதிச்சாங்க. சிறுநீரகத் திசுவை எடுத்துப் பார்த்தப்பதான் இது நச்சுன்னு புரிஞ்சது. பொதுவா இருந்தது கோல்ட்ரிஃப்னு ஒரு சிரப். மேல சொன்ன அதே மூணு சரக்குதான். தயாரிச்ச இடம் காஞ்சிபுரம் மாவட்டம், சுங்குவார்சத்திரம்.

அக்டோபர் 1ஆம் தேதி மத்தியப் பிரதேசத்துல இருந்து தகவல் வந்தது. ஆயுத பூஜை விடுமுறை. நம்ம மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஆலைக்குப் போய் மாதிரி எடுத்து, ஒரு நாளுக்குள்ள ரிசல்ட் குடுத்தாங்க: எஸ்.ஆர்.-13 பேட்ச்ல 48.6% டைஎத்திலீன் கிளைக்கால். அனுமதி அளவு 0.1%. பாட்டில்ல கிட்டத்தட்ட பாதி விஷம். அந்த வேகத்தைப் பாராட்டணும். அதே ஆலையை முறையா ஆய்வு பண்ணாததுக்காக ரெண்டு மருந்து ஆய்வாளர்கள் சஸ்பெண்ட் ஆனதையும் சேர்த்தே சொல்லணும். உரிமையாளர் கைதானார், லைசென்ஸ் ரத்தானது. இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் போயிட்டாங்க. பெரும்பாலும் அஞ்சு வயசுக்குக் கீழ.

இது எப்படி உள்ள வருது? பாரசிட்டமாலும் தண்ணியில சரியாக் கரையாது. கரைக்க புரோப்பிலீன் கிளைக்கால் வேணும், அது மருந்துத் தரத்துல இருக்கணும். தொழிற்சாலைத் தரத்துல வாங்கினா விலை குறைவு, பார்க்க ஒரே மாதிரி, ஆனா உள்ள டைஎத்திலீன் கிளைக்கால் இருக்கலாம். அது அச்சு மையிலயும் பிரேக் திரவத்துலயும் பயன்படுற சரக்கு. சிவகாசி அச்சகக்காரங்களுக்கு "தரம்"னா என்னன்னு நான் சொல்லத் தேவையில்லை. உடம்புக்குள்ள போனா கல்லீரல் அதை டைகிளைக்காலிக் அமிலமா மாத்தும், அது சிறுநீரகச் செல்களைக் கொல்லும். முதல் அறிகுறி வாந்தி, பிறகு சிறுநீர் குறையும்.

இது வரைக்கும் எல்லா சேனல்லயும் வந்தது. யாரும் பெருசாக் கேக்காத கேள்வி ஒண்ணு இருக்கு: விஷம் கலக்காம இருந்திருந்தாலும், அந்தக் குழந்தைகளுக்கு அந்த சிரப் தேவைப்பட்டதா?

மூக்கடைப்பு மருந்துகளுக்குத் தனி வரலாறு உண்டு. முன்னாடி ஃபினைல்புரோபனோலமின்னு ஒண்ணு இருந்தது. 2000ல் அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழக ஆய்வு, அது பெண்களுக்கு மூளை ரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டுதுன்னு காட்டினது. அங்க உடனே நிறுத்தச் சொன்னாங்க. இங்க தடை உத்தரவு வந்தது 2011ல். அடுத்தது சூடோஎஃபெட்ரின். வேலை செய்யும், ஆனா அதுல இருந்து போதை மருந்து காய்ச்சினாங்க. 2006ல் அமெரிக்கா அதைக் கடை கவுன்டருக்குப் பின்னாடி பூட்டினதும், கம்பெனிகள் ஃபினைல்எஃப்ரினுக்குத் தாவின.

ஃபினைல்எஃப்ரின் வாய் வழியா குடிச்சா, குடல்லயும் கல்லீரல்லயும் பெரும்பகுதி சிதைஞ்சுடும். மூக்குக்குப் போய்ச் சேர்றது சொற்பம். 2023 செப்டம்பர்ல அமெரிக்க மருந்துத் துறையின் நிபுணர் குழு 16 பேர் ஒருமனதா சொன்னது: வழக்கமான அளவுல வாய்வழி ஃபினைல்எஃப்ரின் மூக்கடைப்புக்குப் பலன் தரல. அதே வருஷம் டிசம்பர்ல இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை, குளோர்பெனிரமின்-ஃபினைல்எஃப்ரின் கலவையை 4 வயசுக்குக் கீழ குடுக்கக் கூடாதுன்னு லேபிள்ல போடச் சொன்னது. 2025 அக்டோபர் 3ஆம் தேதி மத்திய சுகாதார சேவைகள் தலைமை இயக்குநரகம் இன்னும் தெளிவா சொன்னது: 2 வயசுக்குக் கீழ இருமல், சளி மருந்து எழுதவே கூடாது, 5 வயசுக்குக் கீழ பொதுவாத் தேவையில்லை.

ஆக, தேவையில்லாத ஒரு பாட்டிலுக்காக அந்த வீடுகள் குழந்தையை இழந்திருக்கு. எனக்கு மனசு ஆறாத இடம் அதுதான்.

சரி, வீட்டுல என்ன பண்றது? மூக்கடைப்புக்கு மெடிக்கல்ல கிடைக்குற உப்புத்தண்ணி சொட்டு மருந்து. காய்ச்சல் இருந்தா தனி பாரசிட்டமால், எடைக்கு ஏத்த அளவுல, பாட்டிலோட வர்ற மூடியிலதான் அளக்கணும், சமையல் கரண்டி வேண்டாம். ஒரு வயசு தாண்டின குழந்தைக்குத் தேன் தரலாம், அதுக்குக் கீழ கண்டிப்பாக் கூடாது.

மூச்சை ஒரு முழு நிமிஷம் எண்ணுங்க. 2 மாசத்துக்குக் கீழ 60, ஒரு வயசு வரை 50, அஞ்சு வயசு வரை 40. அந்த எண்ணையோ அதுக்கு மேலயோ வந்தா, நெஞ்சுக்கூடு உள்வாங்கினா, பால் குடிக்காம சோர்ந்தா, ஆறு எட்டு மணி நேரமா சிறுநீர் போகலைன்னா உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க. குடுத்த மருந்து பாட்டிலையும் கையோட எடுத்துட்டு வாங்க, பேட்ச் நம்பர் எங்களுக்கு வேணும்.

பெரியவங்களுக்கும் ஒரு வார்த்தை. சளி மாத்திரையிலேயே பாரசிட்டமால் இருக்கு. அதோட காய்ச்சல் மாத்திரையும் போட்டா இரட்டை டோஸ், கல்லீரலுக்கு ஆபத்து. பி.பி., இதய நோய், புராஸ்டேட் தொந்தரவு இருக்குறவங்க மூக்கடைப்பு மருந்தைக் கேக்காம போடாதீங்க.

பட்டாசு ஆபீஸ் போற அக்கா, அண்ணன்மாருக்குத் தனியா: அந்த மாத்திரை தூக்கத்தைக் குடுக்கும், கை நிதானம் குறையும். காலையில அதைப் போட்டுட்டு மருந்து அடைக்க உக்காராதீங்க. போட்டே ஆகணும்னா ராத்திரி போடுங்க. அப்பவும் காலையில அசதி தெரிஞ்சா, அன்னைக்கு ஃபோர்மேன்கிட்ட சொல்லி கலவை இல்லாத வேலை கேளுங்க.

வீட்டுல பாதி பாட்டில் எது இருந்தாலும் பேரைக் கமெண்ட்ல போடுங்க. ராத்திரி டியூட்டி முடிஞ்சதும் ஒண்ணொண்ணா பதில் சொல்றேன்.