கத்தோலிக்க இடைநிலைப் பள்ளிகளில் வழிகாட்டற் பணி: ஒரு வரலாற்று நோக்கு

மலேசிய மாணவன் ஒருவனின் எதிர்காலத்தை ஒரே வினா வகுத்துவிட்ட காலம் ஒன்று இருந்தது. நான்காம் படிவத்தில் அவன் செல்வது அறிவியல் பிரிவுக்கா, கலைப் பிரிவுக்கா என்பதே அவ்வினா. இயற்பியலும் வேதியியலும் பயிலாதவனுக்கு மருத்துவம், பொறியியல் ஆகிய துறைகளின் கதவுகள் அன்றே அடைபட்டன. அவ்வினாவுக்கு விடை கூறியது பெரும்பாலும் மூன்றாம் படிவத் தேர்வின் புள்ளியே ஆகும். புள்ளிக்கு அப்பால் மாணவனை அறிந்து, அவன் பாடங்களைத் தெரிவு செய்வதற்குத் துணை நிற்பதே வழிகாட்டற் பணி. இப்பணியை இருபதாம் நூற்றாண்டு உளவியல் ஈன்ற புதுமை என்று கருதுவோர் பலர். ஆயினும், அதன் பழைய வேர்களுள் ஒன்று கத்தோலிக்கப் பள்ளிகளின் பதிவேடுகளில் காணப்படுகின்றது.

பிரான்சு நாட்டின் ரெய்ம்ஸ் நகரில் 1651ஆம் ஆண்டு பிறந்தவர் ழான் பத்தீஸ்து தெ லா சால். ஏழைகளின் பிள்ளைகளுக்கும் கைவினைஞரின் பிள்ளைகளுக்கும் கல்வி அளிப்பதற்கென ஆசிரியச் சகோதரர் சபை ஒன்றை அவர் நிறுவினார். அச்சபையின் பள்ளி நடைமுறை நூல் 1706இல் கையெழுத்துப் படியாக வழங்கிப் பின்னர் 1720இல் அச்சேறியது. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போதே அவன் வயது, பெற்றோரின் தொழில், முன்னர்ப் பயின்ற பள்ளி முதலியவற்றைக் கேட்டு எழுதுமாறு அந்நூல் பணித்தது. ஆண்டிறுதியில் ஒவ்வோர் ஆசிரியரும் தம் மாணாக்கரின் நற்பண்புகளையும் குறைகளையும் தனித்தனியே குறித்து வைத்தல் வேண்டும். புதிதாக வரும் ஆசிரியருக்கு அவ்வேடு கைவிளக்காக அமைந்தது.

அச்சகோதரர் பாடத்திட்டத்தையும் மாணாக்கரின் வாழ்வோடு பொருத்தினர். அக்கால வழக்கப்படி இலத்தீனில் தொடங்காமல், தாய்மொழியாகிய பிரெஞ்சிலேயே முதல் வாசிப்பைக் கற்பித்தனர். ரூவான் நகரையடுத்த சேன் யோன் என்னுமிடத்தில் 1705இல் தொடங்கிய விடுதிப் பள்ளியில் வணிகத்திற்குப் பயன்படும் பாடங்களைக் கற்பித்தனர். இவை யாவும் இன்றைய பொருளில் ஆலோசனைப் பணி ஆகா. ஒழுங்கையும் சமயப் பயிற்சியையும் பேணுவதற்கும் அப்பதிவேடுகள் பயன்பட்டன. எனினும், மாணவனை அறிந்த பின்னரே அவனுக்குக் கற்பித்தல் வேண்டும் என்னும் கொள்கை அவற்றில் வேரூன்றி இருந்தது.

இச்சபையினர் 1852இல் மலாயாவின் கரையை அடைந்தனர். பினாங்கில் செயின்ட் சேவியர் பள்ளியும் சிங்கப்பூரில் செயின்ட் ஜோசப் பள்ளியும் அவ்வாண்டில் தோன்றியவை. குழந்தை இயேசு சபைக் கன்னியரும் அதே ஆண்டில் பினாங்கில் பெண்கல்வியைத் தொடங்கினர். ஆங்கில ஆட்சிக்கும் வணிக நிறுவனங்களுக்கும் ஆங்கிலம் அறிந்த எழுத்தர் தேவைப்பட்டனர். காலப்போக்கில் கேம்பிரிட்ஜ் தேர்வுகள் வேரூன்றின; மாணவன் எதைப் பயில வேண்டும் என்பதை அவனது இயல்பைக் காட்டிலும் தேர்வே முடிவு செய்தது.

தொழில் வழிகாட்டலுக்குத் தனித்துறை என்னும் தகுதியைப் பெற்றுத் தந்தவர் அமெரிக்கரான பிராங்க் பார்சன்ஸ். 1908இல் பாஸ்டன் நகரில் தொழில் வழிகாட்டும் நிலையம் ஒன்றை அவர் நிறுவினார். தன்னை அறிதல், தொழில்களை அறிதல், இவ்விரண்டுக்கும் உள்ள பொருத்தத்தைச் சீர்தூக்குதல் என மூன்று படிகளை அவர் வகுத்தார். அவர் மறைந்தபின் 1909இல் வெளிவந்த நூல் அக்கருத்தை உலகெங்கும் பரப்பியது.

மலாயாவில் இப்பணி முறையாகத் தொடங்கியது 1963இல் ஆகும். கொழும்புத் திட்டத்தின்கீழ் ரஸல் மெக்கென்சி என்னும் வல்லுநர் வந்து கல்வி அமைச்சுக்குத் துணைபுரிந்தார். இரண்டே ஆண்டுகளில் அப்பணியின் தேவை பன்மடங்காகப் பெருகியது. அதுவரை ஆறாம் ஆண்டில் நுழைவுத் தேர்வில் தவறியோர் இடைநிலைப் பள்ளியின் வாயிலோடு நின்றுவிட்டனர். 1965 முதல் அத்தடை நீங்கியது. பல்வகை ஆற்றலுடைய மாணாக்கர் ஒரே பள்ளியில் பயிலலாயினர். தொழிற்கலை, வாணிகம், வேளாண்மை அறிவியல், மனையியல் எனத் தெரிவுப் பாடங்களும் விரிந்தன. 1967ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை, பள்ளிகளில் வழிகாட்டி ஆசிரியரை நியமிக்க வழிவகுத்தது. அரசு உதவிபெற்ற கத்தோலிக்கப் பள்ளிகளும் இந்நெறியில் அடங்கின.

ஆயினும், வழிகாட்டி ஆசிரியர் பாடமும் நடத்த வேண்டியவராகவே நெடுங்காலம் இருந்தார். முழுநேர ஆலோசக ஆசிரியர் பணி 1996இல்தான் உருப்பெற்றது. இடைப்பட்ட காலத்தில் பெரிதும் இடர்ப்பட்டவர் தோட்டப்புறத் தமிழ் மாணாக்கரே எனலாம். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் பயின்று, புகுமுக வகுப்பில் ஓராண்டு கழித்து, பழகாத மொழியில் படிவக் கல்வியை அவர்கள் தொடங்கினர். பால் மரத்தையே அறிந்த பெற்றோருக்கு அறிவியல் பிரிவு என்பதன் பொருள் விளங்கவில்லை. வீட்டில் கேட்டறிய வழியில்லாத பிள்ளைக்குப் பள்ளியில் ஓர் ஆசிரியர் கூறும் சொல்லே வழித்துணை. அச்சொல் கிட்டாதபோது புள்ளியே விதியாயிற்று.

பிரித்தல் வேறு, வழிகாட்டல் வேறு. பிரிப்பவர் கையில் இருப்பது தேர்வுத் தாள்; வழிகாட்டுபவர் அறிந்திருக்க வேண்டியது பிள்ளையை. தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஆறு ஆண்டுகளாக அப்பிள்ளையின் ஆர்வத்தையும் அச்சத்தையும் கைத்திறனையும் குடும்ப நிலையையும் கண்டறிந்தவர். பள்ளி மாறும்போது மதிப்பெண் மட்டுமே பிள்ளையுடன் செல்லுமாயின், அவ்வறிவு அனைத்தும் வீணாகின்றது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ரெய்ம்ஸ் நகரத்தார் வகுத்த ஏட்டுமுறை இவ்விழப்பைத் தடுக்கவே முயன்றது.

2020 முதல் நான்காம் படிவத்தில் அறிவியல், கலை என்னும் பழைய பிரிவுகள் நீக்கப்பட்டுப் பாடத் தொகுப்புகள் இடம்பெற்றன. தெரிவு பெருகும்போது தெளிவும் பெருகுதல் வேண்டும். எனவே, ஒவ்வொரு தமிழ்ப்பள்ளி ஆசிரியரும் ஆறாம் ஆண்டை நிறைவு செய்யும் மாணவனைப் பற்றி அன்போடும் நடுநிலையோடும் ஒரு பக்கமேனும் எழுதி இடைநிலைப் பள்ளிக்கு அனுப்புதல் நலம். செலவில்லாத இப்பணி, ஒரு தலைமுறையின் வாழ்வைத் திருத்த வல்லது.