பெருந்தொற்று இன்ஃபுளூயன்சா ஆயத்தக் கட்டமைப்பு

இன்ஃபுளூயன்சா வைரஸ் மாதிரிகளைத் தரும் நாடுகளுக்கும் அவற்றைக் கொண்டு தடுப்பூசியும் மருந்தும் தயாரிக்கும் நிறுவனங்களுக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கலை நெறிப்படுத்தும் பன்னாட்டு ஏற்பாடு. 2011 மே மாதம் 64ஆவது உலக சுகாதாரப் பேரவை இதை ஏற்றது.

பின்னணி

இன்ஃபுளூயன்சாவைக் கண்காணிக்கும் ஆய்வக வலையமைப்பு ஒன்றை உலக சுகாதார நிறுவனம் 1952 முதல் நடத்தி வருகிறது. நோயாளியின் மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுக்குச்சியால் எடுத்த சளி, குளிர்ப்பெட்டியில் அந்நாட்டு ஆய்வகத்துக்குச் செல்லும். தேர்ந்த மாதிரிகள் அங்கிருந்து அட்லாண்டா, லண்டன், டோக்கியோ, மெல்போர்ன் முதலிய நகரங்களின் மையங்களுக்கு அனுப்பப்படும். அங்கே தெரிவாகும் வைரஸ் வகையை நிறுவனங்கள் பெரும்பாலும் கோழிமுட்டைக்குள் வளர்த்துத் தடுப்பூசி ஆக்குகின்றன. மாதிரி இலவசமாகப் போனது. தடுப்பூசி விலைக்கு வந்தது. தட்டுப்பாட்டுக் காலத்தில், மாதிரி தந்த ஏழை நாட்டுக்கு விலை கொடுத்தாலும் கிடைக்கும் என்ற உறுதி இல்லை.

2005இல் இந்தோனேசியாவில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் மனிதரைத் தொற்றியது. அந்நாட்டு வைரஸிலிருந்து ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்று தடுப்பூசி உருவாக்குவது தெரியவந்ததும், சுகாதார அமைச்சர் சித்தி ஃபாதிலா சுபாரி மாதிரிகள் அனுப்புவதை நிறுத்தினார். ஒரு நாட்டின் உயிரியல் வளம் அந்நாட்டுக்கே உரியது என்ற 1992ஆம் ஆண்டின் உயிரியல் பன்மய உடன்படிக்கையை இந்தோனேசியா ஆதாரமாகக் காட்டியது. மாதிரி வராவிட்டால் வைரஸின் மாற்றத்தைக் கண்டறிய முடியாது என்ற அச்சம் எழுந்தது. அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் மாதிரி தரும் நாட்டுக்குத் தடுப்பூசி கிடைக்குமா என்று சுபாரி எழுப்பிய கேள்வி அதைவிட நியாயமானது. 2009இல் எச்1என்1 பெருந்தொற்று வந்தபோது, செல்வ நாடுகள் முன்கொள்முதல் ஒப்பந்தங்களால் தடுப்பூசி உற்பத்தியின் பெரும்பகுதியைத் தமதாக்கிக்கொண்டன. மற்ற நாடுகள் நன்கொடைக்குக் காத்திருந்தன.

செயல்முறை

மாதிரியைப் பெறும் தடுப்பூசி, மருந்து நிறுவனங்கள் உலக சுகாதார நிறுவனத்துடன் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் செய்ய வேண்டும். பெருந்தொற்றுக் காலத்தில் தயாராகும் தடுப்பூசியில் குறைந்தது 10 விழுக்காட்டை நன்கொடையாகத் தருவது, அதே அளவைக் கட்டுப்படியாகும் விலைக்கு ஒதுக்குவது, தொழில்நுட்ப உரிமம் வழங்குவது முதலிய கடப்பாடுகளில் இரண்டையாவது அவை ஏற்க வேண்டும். பெருந்தொற்று வந்தபின் கையேந்தாமல், முன்கூட்டியே எழுதிப் பெற்ற உரிமை என்பதே இதன் சிறப்பு.

இதன் நிதி ஏற்பாடும் கவனத்துக்குரியது. வலையமைப்பைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் அதன் நடைமுறைச் செலவில் பாதியை ஆண்டுதோறும் ஏற்கின்றன. இதற்கென வரையறுத்த தொகை சுமார் 2.8 கோடி அமெரிக்க டாலர். அதில் பெரும்பங்கு ஆய்வகம், கண்காணிப்பு ஆகிய ஆயத்தப் பணிகளுக்கும், எஞ்சியது பெருந்தொற்றுக்கால நடவடிக்கைகளுக்கும் ஒதுக்கப்படுகிறது.

வரம்புகள்

மனிதரிடையே பெருந்தொற்றாகக்கூடிய இன்ஃபுளூயன்சா வைரஸ்களுக்கு மட்டுமே இக்கட்டமைப்பு பொருந்தும். பருவகாலக் காய்ச்சல் இதில் அடங்காது. ஒப்பந்தக் கடப்பாடு வைரஸ் மாதிரியைப் பெறுவோருக்கே உண்டு. மரபணு வரிசையை இணையத்தில் எடுத்துத் தடுப்பூசி வடிவமைக்கக்கூடிய இக்காலத்தில் இது பெரிய ஓட்டை. கோவிட்-19 வந்தபோது அந்நோய்க்கு இத்தகைய ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை.

2025 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை ஏற்ற பெருந்தொற்று ஒப்பந்தம், இக்கொள்கையைப் பிற நோய்க்கிருமிகளுக்கும் விரிக்கிறது. பங்கேற்கும் நிறுவனங்கள் பெருந்தொற்றுக்கால உற்பத்தியில் 20 விழுக்காட்டை உலக சுகாதார நிறுவனத்துக்குக் கிடைக்கச் செய்வது இலக்கு. அதில் குறைந்தது பாதி நன்கொடை. பகிர்வின் நுணுக்க விதிகள் தனிப் பின்னிணைப்புக்கு விடப்பட்டன. அது ஏற்கப்பட்ட பிறகே ஒப்பந்தத்தில் நாடுகள் கையொப்பமிடலாம். 60 நாடுகள் உறுதிசெய்தால்தான் ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும்.