எல்லோர்க்கும் திறந்த கதவு

தேர்வு முடிவுகள் வெளிவந்துவிட்டால், நம் குடியிருப்பில் எந்த இல்லத்திற்குச் சென்றாலும் ஒரே வினாதான்: "இடம் கிடைத்ததா?" விண்ணப்பித்தவர் அனைவரையும் ஏற்கும் கல்லூரியும் உலகில் உண்டு எனின், "அங்ஙனமாயின் அது உயர்ந்த கல்லூரியாக இராது" என்று நம்மவர் உடனே கூறிவிடுவர். அமெரிக்க நாட்டுச் சமுதாயக் கல்லூரிகளின் வரலாற்றை அறிந்தோர் அவ்வளவு விரைந்து தீர்ப்புக் கூறார்.

1901-ஆம் ஆண்டில் இல்லினாய்ஸ் மாநிலத்து ஜோலியட் நகரில், உயர்நிலைப் பள்ளியோடு இணைந்து, ஆறே மாணவர்களுடன் ஒரு கல்லூரி தொடங்கிற்று. அப்பள்ளியின் கண்காணிப்பாளர் ஸ்டான்லி பிரௌனும் சிக்காகோப் பல்கலைக் கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும் அதற்கு வித்திட்டவர்கள். எளியவர்க்குக் கல்வியளிக்கும் அருள்நோக்கம் ஒன்றே இதற்குக் காரணம் என்று எண்ணிவிடலாகாது. கல்லூரிப் படிப்பின் முதல் ஈராண்டுகள் பள்ளிப் படிப்பின் நீட்சியே. அவற்றை மாணவர் வேறிடத்தில் முடித்து வந்தால், பல்கலைக் கழகம் தன் ஆற்றலை ஆராய்ச்சிக்குச் செலவிடலாம் என்பது ஹார்ப்பரின் கருத்து. சிலரை மட்டுமே தேர்ந்துகொள்ள விரும்பிய பல்கலைக் கழகமே, எல்லோரையும் ஏற்கும் கல்லூரிக்குத் தொட்டில் ஆட்டியது!

போரிலிருந்து மீண்ட வீரர்க்கு 1944-ஆம் ஆண்டுச் சட்டம் கல்விச் செலவளித்தது. மாணவர் தொகை பெருகிற்று. அதிபர் ட்ரூமன் அமைத்த குழுவின் 1947-ஆம் ஆண்டு அறிக்கை, 'சமுதாயக் கல்லூரி' என்னும் பெயரை நாடெங்கும் பரப்பியது.

ஆயினும், உண்மை துலங்கியது கலிபோர்னியாவின் 1960-ஆம் ஆண்டுத் திட்டத்திலேதான். அதன்படி, மாநிலப் பல்கலைக் கழகம் பள்ளி முடித்தோருள் சிறந்த எட்டில் ஒரு பங்கினரையும், மாநிலக் கல்லூரிகள் மூன்றில் ஒரு பங்கினரையும் தேர்ந்துகொள்ளலாம். முன்னர் இவ்வளவுகள் ஏறத்தாழ 15 விழுக்காடும் 50 விழுக்காடுமாக இருந்தன. இரு கதவுகள் குறுகின. ஈராண்டுக் கல்லூரியின் கதவு மட்டும், கற்றுப் பயன்பெறக் கூடிய எவர்க்கும் திறந்தது. அக்கதவு திறந்திருந்தமையாலேயே மற்றவற்றைக் குறுக்குதல் எளிதாயிற்று என்பது என் கருத்து.

உள்ளே நுழைந்தோர்க்குச் சல்லடை இல்லையா? இருந்தது. சான் ஹோசே நகரக் கல்லூரியை ஆராய்ந்த பர்ட்டன் கிளார்க் என்னும் சமூகவியலறிஞர், அதே 1960-இல் அதனை விளக்கினார். தகுதித் தேர்வு, அடிப்படை வகுப்பு, ஆலோசகரின் அறிவுரை எனப் படிப்படியாக, பட்டம் நாடி வந்த மாணவன் குறுகிய தொழிற்படிப்பிற்குத் திருப்பப்படுவான். வாயிலில் எவரும் அவனை மறுப்பதில்லை. ஆசைதான் மெல்ல ஆறவைக்கப்படுகிறது. இத்தகைய தேர்வுகளால் கணிதத்திலும் ஆங்கிலத்திலும் அடிப்படை வகுப்பிலேயே தேங்கி நின்றோர் பலர். ஆதலின், 2017-ஆம் ஆண்டில் கலிபோர்னியா சட்டமியற்றி, பள்ளி மதிப்பெண்களைக் கொண்டே வகுப்பை முடிவு செய்யப் பணித்தது.

செவிலியர் படிப்பின் நிலை வேறு. ஆசிரியரும் மருத்துவமனைப் பயிற்சி இடங்களும் குறைவாதலின், கல்லூரியில் சேர்ந்துவிட்டவரும் அதற்கென மீண்டும் விண்ணப்பித்தல் வேண்டும். பல கல்லூரிகள் மதிப்பெண் பார்க்கின்றன. சில, சீட்டுக் குலுக்கி எடுக்கின்றன.