உதிரம் கொடுத்தவர்

ஒரு மனிதனுடைய வம்சத்தை அறிவதற்கு அவன் குலத்தார் சொல்லும் கதையைக் கேட்பதோடு நில்லாமல், அவன் சரீரத்திலிருந்து ஒரு துளி உதிரத்தை வாங்கிப் பார்க்கலாம் என்ற எண்ணம் விஞ்ஞானிகளுக்கு உதித்து நூறாண்டுகளுக்கு மேலாகிறது. 1910-இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில், லுட்விக் ஹிர்ஷ்ஃபெல்ட் என்ற போலந்து வைத்தியர் எமில் ஃபொன் டுங்கர்ன் என்பாருடன் கூடி, இரத்த வகை மெண்டலின் விதிப்படியே பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்குகிறது என்று நிரூபித்தார். அவ்வகைகள் தேசந்தோறும் எப்படிப் பரவியிருக்கின்றன என்று சோதித்துப் பார்க்க உலகத்தையே வலம் வரவேண்டியிருந்திருக்கும். முதல் உலக யுத்தமோ உலகத்தை அவர் வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்திற்று.

கிரேக்க நாட்டுச் சலோனிகா துறைமுகத்தில், ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் செர்பியரும் செனிகல் நாட்டாரும் மடகாஸ்கர் தீவினரும் இந்தியச் சிப்பாய்களும் ஒருங்கே முகாமிட்டிருந்த அந்நாளில், ஹிர்ஷ்ஃபெல்டும் அவர் மனைவி ஹன்னாவும் 8,000-க்கு மேற்பட்டவர்களுடைய உதிரத்தைச் சோதித்து, ஐரோப்பியரிடம் ஏ வகையும் இந்தியரிடம் பி வகையும் மிகுந்திருப்பதை 1919-இல் 'லான்செட்' பத்திரிகையில் வெளியிட்டார்கள். உதிரம் வாங்கிய விதத்தை ஹிர்ஷ்ஃபெல்டே தம் சுயசரிதையில் விவரிக்கிறார்: ஆங்கிலேயரிடம் விஞ்ஞானத்துக்காக என்று சொன்னதே போதுமாயிருந்தது, ஆப்பிரிக்கச் சிப்பாய்களிடமோ, யாருக்கு விடுப்புத் தகும் என்பதை இச்சோதனை காட்டும் என்று சொல்ல, கைகள் உடனே நீண்டனவாம். வேடிக்கையாகச் சொல்லப்பட்ட இந்தப் பொய்யிலேதான் பின்னாளில் எழுந்த வழக்குகளின் வித்து இருக்கிறது.

அதன்பின் மாதிரி எடுக்கும் முறை எளிதாகிக்கொண்டே வந்தது. வம்சத்தைக் காட்டுவதும் இரத்தத்தின் வெள்ளணுக்களில் உள்ளதுமான டிஎன்ஏ, வாயினுள் உதிரும் செல்களிலும் இருப்பதால், ஊசி குத்தாமல் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தேய்த்தாலும், குழாய் ஒன்றில் சிறிது உமிழ்ந்தாலும் போதும் என்றாயிற்று. கொடுப்பவருக்கு நோவு குறையக் குறைய, எதற்காகக் கொடுக்கிறோம் என்று கேட்கும் பழக்கமும் குறையலாயிற்று.

கேட்டவர்களும் உண்டு. அமெரிக்காவில் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் அடியில் வாழும் ஹவாசுப்பாய் என்ற பூர்வகுடியினர், தம்மிடையே பரவியிருந்த நீரிழிவின் காரணத்தை அறியலாம் என்ற நம்பிக்கையோடு, 1990 முதல் அரிசோனா மாகாணப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளருக்கு உதிரம் கொடுத்தார்கள். மனநோயைப் பற்றியும், தம் முன்னோர் எங்கிருந்து வந்தனர் என்பதைப் பற்றியும் ஆராய அதே உதிரம் பயன்பட்டதை 2003-இல் அறிந்து, நியாயம் கேட்டு நீதிமன்றம் ஏறினார்கள். அந்தப் பள்ளத்தாக்கிலேயே தங்கள் குலம் தோன்றிற்று என்று நம்புகிறவர்களுக்கு இரண்டாவது ஆராய்ச்சி பெரும் வேதனையாயிற்று.

சம்மதம் என்பது கையை நீட்டுவதன்று. காரணம் அறிந்து நீட்டுவதே சம்மதம். 2010-இல் வழக்கு சமரசமாக முடிந்தபோது, பல்கலைக்கழகம் 7,00,000 டாலர் கொடுத்ததோடு, எஞ்சியிருந்த உதிரத்தையும் உரியவர்களிடமே திருப்பி ஒப்படைத்தது.